பழைய டெரஸ் வீட்டுச் சிம்னிக்கு ஸ்டீல் லைனர்: 316 போதுமா, 904 வேண்டுமா?

பிரிட்டனில் விக்டோரியா காலத்து டெரஸ் வீட்டில், அதாவது ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீட்டில், விறகு ஸ்டவ் வைக்கப் போகிறவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 904 தர இரட்டைத்தோல் (இரண்டு அடுக்குத் தகடுள்ள) வளைகுழாய் லைனரை வாங்குங்கள். லைனர் என்பது புகை போகச் சிம்னிக்குள் இறக்கும் உட்குழாய்; 316-ம் 904-ம் அதன் எஃகுத் தரங்கள். 316 மோசமான பொருள் இல்லை. நன்றாகக் காய்ந்த விறகை மட்டும், அதுவும் எப்போதாவது எரிக்கும் வீட்டில் அது ஒழுங்காக உழைக்கும். ஆனால் லைனர் சீக்கிரம் கெட்டுப்போன வீடுகளைப் பார்த்தால், உலோகத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. இறக்குவதற்கு முன் புகைவழியைச் சோதித்திருக்க மாட்டார்கள். அல்லது மேல்முனையிலும் கீழ்முனையிலும் அவசர வேலை நடந்திருக்கும். அதனால் இங்கே குழாயைவிட மாட்டும் வேலையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

சுவருக்குள் என்ன இருக்கிறது

லண்டனில் ஈஸ்ட் ஹாம், வால்தம்ஸ்டோ, டூட்டிங் பக்கம் நம்மவர்கள் குடியிருக்கும் பல வீடுகள் இந்த வகைதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் சிம்னி. கூரைக்கு மேலே ஒரே செங்கல் கூண்டு. அதன் தலையில் வரிசையாகக் களிமண் பாட்கள், அதாவது புகை வெளியேறும் குழல்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே தனித்தனிப் புகைவழி உண்டு. பெரும்பாலும் 225 மிமீ சதுரம், அதாவது ஒன்பது அங்குலம். ஒரு புகைவழிக்கும் அடுத்ததற்கும் நடுவே நிற்பது அரைச் செங்கல் கனமுள்ள தடுப்பு மட்டுமே. நாலு அங்குலச் சொச்சம்.

இந்தப் புகைவழிகளின் உட்புறத்தில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பார்கள். அந்தச் சாந்தில் மாட்டுச் சாணம் கலப்பதும் அன்றைய வழக்கம். புதிய சிம்னிக்குள் உட்குழாய் கட்டாயம் என்றானது 1965-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய வீட்டில் இருப்பது நூறாண்டுக்கும் மேலாக நிலக்கரிப் புகையில் வெந்த பூச்சு. புகையிலிருக்கும் கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சாந்தைத் தின்றுவிடுகிறது. பூச்சு உதிர்கிறது; பிறகு செங்கல் இணைப்பு மணலாகக் கொட்டுகிறது; கடைசியில் நடுத்தடுப்பிலிருந்து செங்கல்லே கழன்று விழுகிறது. அதன்பின் உங்கள் அடுப்பின் புகை பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குப் போக வழி திறந்துவிடும். அந்த அறையின் பழைய கணப்பை யாரோ பிளாஸ்டர்போர்டு வைத்து மூடியிருப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அந்தப் பலகை ஒரு தடையே இல்லை.

கீழ்த்தளத்துப் புகைவழி நேராக மேலே போவதும் கிடையாது. மாடி அறையின் கணப்பைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால் நடுவே ஒரு வளைவு கட்டாயம் இருக்கும். லைனர் சிக்குவது அங்கேதான். தடுப்பு முதலில் உடைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

விலை பேசுவதற்கு முன் சோதனை

முதலில் சிம்னியைச் சுத்தம் செய்ய வேண்டும். பறவைக்கூடு, உதிர்ந்த சாந்து, பழைய கரி எல்லாம் இறங்கிய பிறகு புகைச் சோதனை. ஊதுவிளக்கால் சுமார் பத்து நிமிடம் புகைவழியைச் சூடாக்கி, கணப்பில் இரண்டு புகை மாத்திரைகளைக் கொளுத்துவார்கள். புகை எழுந்ததும் கணப்பின் வாயைப் பலகை வைத்து அடைப்பார்கள். மேலே களிமண் பாட்டின் வாயில் புகை வந்ததும் ஊதிய பலூனால் அதையும் அடைத்துவிட்டு, குறைந்தது ஐந்து நிமிடம் விட வேண்டும். அந்த நேரத்தில் ஒருவர் உங்கள் மாடி அறைகளையும் பரணையும் பார்க்க வேண்டும். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்குள் நின்று பார்க்க வேண்டும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லாமல் செய்த சோதனை பாதிச் சோதனைதான்.

பரணுக்குள் ஏறிப் பார்க்காமல் விலை சொல்கிறவரை நம்ப வேண்டாம். சிம்னியின் செங்கல் பூச்சில்லாமல் கண்ணுக்குத் தெரியும் இடம் அது ஒன்றுதான். செங்கல் இணைப்புகளில் கறுப்புக் கோடு வழிந்திருந்தால் புகை அங்கே கசிந்திருக்கிறது. மரச்சட்டத்தின் முனை செங்கல்லுக்குள் நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். புகைவழியின் உட்பரப்பிலிருந்து 200 மிமீ, அல்லது செங்கல்லின் வெளிப்பரப்பிலிருந்து 40 மிமீ தள்ளித்தான் எரியக்கூடிய எதுவும் இருக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் கட்டட விதி, ஆவணம் ஜே, சொல்லும் அளவு. பழைய வீடுகளில் இதை மீறிய சட்டங்கள் சாதாரணமாகவே கிடைக்கும்.

கீழ்த்தளத்தில் சிம்னியின் பிதுக்கத்தை யாராவது இடித்து அறையை அகலப்படுத்தியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். உங்கள் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து வீட்டையும் விசாரிக்க வேண்டும். மேலே மிச்சமிருக்கும் டன் கணக்கான செங்கல்லை எது தாங்குகிறது என்று தெரியாமல் அதற்குள் வேலை செய்யக் கூடாது. உங்கள் புகைவழிக்குள் லைனர் இறக்குவது ஒன்று. கூண்டையோ பொதுச்சுவரையோ வெட்டுவதும் இடித்துக் கட்டுவதும் வேறு. இரண்டாவதற்கு 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி அண்டை வீட்டாருக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்.

மூன்று வழிகளில் எது

சிம்னிக்குள் உட்குழாய் அமைக்கப் பொதுவாக மூன்று வழிகள். களிமண் அல்லது எரிமலைக்கல் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது முதல் வழி. ஆயுள் என்று பார்த்தால் இதற்கு நிகர் இல்லை. சிம்னி தீப்பிடித்தாலும் தாங்கும். ஆனால் ஒன்பது அங்குலச் சதுரத்துக்குள், அதுவும் வளைவோடு, கனமான சுவருள்ள துண்டுகளை இறக்க இடம் போதாது. ஒவ்வொரு வளைவிலும் சுவரை உடைக்க வேண்டும். கூண்டையே புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம்.

இரண்டாவது, ரப்பர் குழாயை உள்ளே ஊதிவைத்து அதைச் சுற்றி வெப்பம் காக்கும் கான்கிரீட்டைப் பம்ப் செய்வது. தளர்ந்த செங்கல்லை இது இறுக்கிப் பிடிக்கும் என்பது உண்மை. நடுத்தடுப்பில் ஓட்டை இருந்தால் கலவை அந்த வழியாகப் பக்கத்துப் புகைவழிக்குள் இறங்கிக் கெட்டியாகிவிடும் என்பதும் உண்மை. ஒருமுறை செய்தால் திரும்ப எடுக்க முடியாது. டெரஸ் வீட்டில் கேமரா விட்டுப் பார்க்காமல் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவது ஸ்டீல் வளைகுழாய். மூடிய ஸ்டவ் வைக்கும் சாதாரண டெரஸ் வீட்டுக்கு இதுவே பொருத்தம். சுவரை உடைக்க வேண்டியதில்லை, கெட்டால் கழற்றி மாற்றலாம், வளைவில் வளையும். ஆனால் திறந்த கணப்புக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம். அதற்குக் குறைந்தது 200 மிமீ உள்விட்டம் வேண்டும். அந்தப் பருமனில் ஒரு குழாய் ஒன்பது அங்குலப் புகைவழியின் வளைவைக் கடப்பது அபூர்வம்.

316-ம் 904-ம்

இரண்டும் துருப்பிடிக்காத எஃகுதான். 316-ல் நிக்கல் சுமார் பத்து சதவீதம், மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று. 904-ல் நிக்கல் சுமார் இருபத்தைந்து, மாலிப்டினம் நாலு முதல் ஐந்து, கூடவே கொஞ்சம் செம்பு. அந்தச் செம்பு அங்கே இருப்பதே கந்தக அமிலத்தைத் தாக்குப்பிடிக்கத்தான்.

இந்த வேறுபாடு எப்போது பெரிதாகிறது? புகையில்லா நிலக்கரி உருண்டைகள் எரிக்கும்போது. இங்கிலாந்தில் 2021 மே முதல் இந்த உருண்டைகளில் கந்தகம் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அளவே 316-ஐ அரிக்கப் போதுமானது. எரியும்போது நடக்கும் சேதத்தைவிட கோடையில் நடக்கும் சேதம் அதிகம். ஏப்ரலில் கடைசியாக எரித்துவிட்டு, கரியைத் துடைக்காமல், ஸ்டவ் கதவையும் காற்றுவாயையும் இறுக்கி மூடி ஐந்து மாதம் விட்டால், கரியில் படிந்த கந்தகம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அமிலமாகிறது. உலோகத்தின் கனமோ ஒரு தோலுக்குச் சுமார் 0.12 மிமீ. ஊசிக்குத்துப் போல ஓட்டைகள் விழும். இலையுதிர்காலத்தில் சுத்தம் செய்ய வருகிறவரின் பிரஷோடு லைனர் கிழிந்து வரும். 904-ம் இப்படி விட்டால் கெடும், ஆனால் மெதுவாக.

உத்தரவாதத்தில் 316-க்குப் பத்தாண்டு அளவிலும், 904-க்கு இருபதாண்டும் அதற்கு மேலும் எழுதியிருப்பார்கள். சின்ன எழுத்தைப் படியுங்கள். ஆண்டுதோறும் சுத்தம் செய்த சான்றிதழ் இல்லாவிட்டாலும், அனுமதிக்காத எரிபொருள் எரித்திருந்தாலும் அது செல்லாது. 904-ன் கூடுதல் விலையை மீட்டர் கணக்கில் மட்டும் பார்த்தால் தயக்கம் வரும். சாரம் கட்டும் செலவும் கூலியும் இரண்டுக்கும் ஒன்றே. லைனரை மாற்ற நேர்ந்தால் அந்தச் செலவு முழுவதும் மறுபடி வரும். அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்கும்போது பிஎஸ் ஈஎன் 1856-2 என்ற தர எண் குழாயிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். திட எரிபொருளுக்கான இரட்டைத்தோல் குழாய் உள்ளே வழவழப்பாகவும் வெளியே வரிவரியாகவும் இருக்கும். உள்ளேயும் வரிவரியாக இருந்தால் அது கேஸுக்கான ஒற்றைத்தோல் குழாய். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1970-களில் பல டெரஸ் வீடுகளில் கணப்புக்குப் பின்னால் கேஸ் பாய்லர் வைத்து, அதற்கு ஒற்றைத்தோல் லைனர் இறக்கினார்கள். பாய்லர் போய்விட்டது, குழாய் மட்டும் உள்ளேயே கிடக்கிறது. “ஏற்கனவே லைனர் இருக்கிறது” என்று வீட்டை விற்றவர் சொன்னால் அது பெரும்பாலும் இதுதான். அதில் விறகு ஸ்டவ்வை மாட்டவே கூடாது.

விட்டம்

லைனரின் விட்டம் ஸ்டவ்வின் புகைவாயைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 30 கிலோவாட் வரையுள்ள மூடிய ஸ்டவ்வுக்குப் பொதுவாக 150 மிமீ. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் எரிக்க விலக்குப் பெற்ற ஸ்டவ்வாக இருந்து 20 கிலோவாட்டுக்குள் இருந்தால் 125 மிமீ போதும். வளைவு இறுக்கமான வீட்டில் 125 பெரிய உதவி. ஆனால் ஸ்டவ் தயாரித்தவரின் கையேடு 150 என்றால் 150-தான்.

இறக்கும் வேலை

புகைவழியின் நீளத்தை பாட்டின் தலையிலிருந்து எடைகட்டிய நாடா விட்டு அளந்து, அரை மீட்டர் சேர்த்து வாங்குங்கள். துண்டு போட்டு இணைப்பது ஆகாது. லைனரின் கீழ்முனையில் கூம்புத் தொப்பி மாட்டி, அதில் கயிறு கட்டி, கூரையிலிருந்து ஒருவர் மெதுவாக விட, கீழே இன்னொருவர் இழுப்பார். வளைவில் சிக்கினால் இரண்டடி மேலே தூக்கிச் சற்றுத் திருகி மறுபடி விட வேண்டும். பலம் போட்டு இழுத்தால் சுற்றிணைப்பு பிரிந்துவிடும். பிரிந்தது வெளியே தெரியாது.

குழாயின் மேல் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அந்தக் குறி எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து அப்படியே மாட்ட வேண்டும். உள்தோல் சுற்றிச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து வருகிறது. சரியான திசையில், புகையிலிருந்து படியும் தார் அந்த மடிப்பைத் தாண்டி வழிந்து ஸ்டவ்வுக்குள் இறங்கி எரிந்துவிடும். தலைகீழாக மாட்டினால் மடிப்புக்குள் புகுந்து இரண்டு தோலுக்கும் நடுவே தங்கும்.

கீழே ஸ்டவ்விலிருந்து வரும் தடிமனான குழாய்க்கும் இதே நியாயம். மேலிருந்து வரும் துண்டு கீழ்த்துண்டின் வாய்க்குள் இறங்க வேண்டும். புகை கசியுமே என்று பயந்து பலர் இதைத் திருப்பி மாட்டுகிறார்கள். இழுவை சரியாக உள்ள சிம்னியில் இணைப்பின் வழியாக அறைக்காற்று உள்ளே இழுபடுமே தவிர புகை வெளியே வராது. வெளியே வருவது தார். இணைப்புக்குக் கீழே குழாயின் மேல் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தால் துண்டு தலைகீழாக இருக்கிறது என்று பொருள்.

லைனரின் எடை மேலே தொங்க வேண்டும், ஸ்டவ்வின் மேல் உட்காரக் கூடாது. பாட்டின் தலையில் கவ்வியோடு வரும் தொப்பி போதும். பாட்டைக் கழற்றித் தகடு வைத்து மறுபடி சாந்து பூசுவது இன்னும் உறுதி. தொப்பியில் பறவைக்காக வைக்கும் வலை பொடிக்கண்ணாக இருந்தால் கரியில் அடைபடும், அகலக்கண் வலை கேளுங்கள். கணப்பின் வாயை மூடும் ரெஜிஸ்டர் பிளேட்டின் விளிம்பைச் சுற்றி அடைப்பு முழுமையாக இருக்க வேண்டும்.

சுற்றி நிரப்பும் பொருள்: டெரஸ் வீட்டின் தனிப் பிரச்சினை

லைனர் குளிர்ந்தால் புகையிலுள்ள ஈரம் உள்ளே படிந்து தாராகும். அதனால் சுற்றிலும் வெப்பக்காப்பு வேண்டும். வழக்கமாக வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமக் குருணையைக் கொட்டுவார்கள். 225 மிமீ சதுரத்தில் 150 மிமீ லைனர் போக மிஞ்சும் இடம் மீட்டருக்குச் சுமார் 30 லிட்டர். எட்டு மீட்டருக்கு 245 லிட்டர், அதாவது நூறு லிட்டர் மூட்டை மூன்று வாங்கினால் கொஞ்சம் மிஞ்சும்.

நாலு மூட்டை கொட்டியும் நிரம்பவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அது எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. எங்கே என்பது பக்கத்து வீட்டுக் கணப்பைப் பார்த்தால் தெரியும். நடுத்தடுப்பு உடைந்த சிம்னியில் கொட்டும் எதுவும் ஓட்டை வழியாக அடுத்த புகைவழிக்குள் ஆறாக இறங்கும். அங்கே கேஸ் ஃபயர் இருந்தால் அதன் புகைவாயை அடைத்துவிடும். அது உயிருக்கு ஆபத்து. மேலே சாந்து வெடித்து மழைநீர் இறங்கினாலும் இந்தப் பொருள் நனைந்து மாடிச் சுவரில் பழுப்புக் கறையாக வெளிப்படும்.

அதனால் பொதுச்சுவர்ச் சிம்னிக்கு லைனரைச் சுற்றிப் போர்த்தும் காப்புப் போர்வையையே பரிந்துரைக்கிறோம். விலை கூடும், பருமனும் கூடும். 25 மிமீ போர்வை சுற்றிய 150 லைனர் 210 மிமீ ஆகிவிடும், ஒன்பது அங்குல வளைவில் போகாது. மெல்லிய போர்வை அல்லது 125 லைனர் என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். எதுவுமே போகாத இறுக்கமான சிம்னியில், பரணுக்கு மேலே குளிரில் நிற்கும் பகுதிக்காவது போர்வை இருக்கட்டும்.

அறைக்குள்

பழைய, காற்றுக் கசியும் வீட்டில் 5 கிலோவாட்டுக்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மிமீ நிரந்தரக் காற்றுத்துளை வேண்டும். 7 கிலோவாட் ஸ்டவ்வுக்கு 1100 சதுர மிமீ. குளிர் வருகிறது என்று அதன் மேல் டேப் ஒட்டுவது புகையை அறைக்குத் திருப்பும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஸ்டவ்விலிருந்து கிடைத்தளத்தில் 1 முதல் 3 மீட்டருக்குள். கூரையில் என்றால் சுவரிலிருந்து 300 மிமீ தள்ளி. பொருள் பிஎஸ் ஈஎன் 50291-1 தரம். ஒன்று வாங்கும்போது இன்னொன்றும் சேர்த்து வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அவர்கள் சுவரும் அதே சுவர்தான்.

யாரிடம் வேலை கொடுப்பது

திட எரிபொருள் ஸ்டவ் பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஹெட்டாஸில் பதிவு உள்ளவர் தன் வேலைக்குத் தானே சான்று பதிவு செய்வார். பதிவு இல்லாதவர் செய்தால் உள்ளூர் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்கும் காகிதம் உங்களிடம் இருக்காது. பதிவு அட்டையில் திட எரிபொருள் ஸ்டவ்வும் லைனரும் பொருத்தும் தகுதி எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். சுத்தம் செய்யும் தகுதி மட்டும் உள்ளவர்களும் உண்டு.

விலைத்தாளில் லைனரின் தரம், விட்டம், நீளம், வெப்பக்காப்பின் வகை, புகைச் சோதனை, சாரம் ஆகியவை தனித்தனி வரியாக இருக்க வேண்டும். “லைனர், முழுவதும்” என்று ஒரே வரியில் எழுதிக் கொடுப்பவரிடம் இவற்றைக் கேட்டால் பதில் வரும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் லைனரின் வகையும் பொருத்திய தேதியும் எழுதிய அறிவிப்புப் பலகையை மீட்டர் அருகிலோ கணப்பருகிலோ ஒட்ட வேண்டும். அது விதி. ஒட்டாமல் போனால் மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள்.

விறகு எரிப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையும், புகையில்லா உருண்டை எரிப்பவர்கள் குறைந்தது ஒரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும். அந்த ஒன்றை, எரிப்பதை நிறுத்திய அடுத்த வாரமே வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பருக்குத் தள்ளிப்போட்டால் அமிலம் தன் வேலையை முடித்திருக்கும். பிரஷ் நைலானாக இருக்கட்டும், கம்பி பிரஷ் மெல்லிய தோலைக் கீறிவிடும். சுத்தம் முடிந்ததும் ஸ்டவ்வின் காற்றுவாயைத் திறந்தே விடுங்கள்.